கொடம் வை

எங்கள் கல்லூரிக் கூடைப்பந்து அணியைப் போல் அலங்காரமாகத் தோற்ற அணி பெங்களூரில் வேறு இருந்திருக்காது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. கேபிள் டிவியில் அமெரிக்க ஆட்டங்களைப் பார்த்துவிட்டு எங்கள் வீரர்கள் அதே மாதிரி சூயிங்கம் மென்றார்கள், அதே மாதிரி நெற்றியில் பட்டை கட்டினார்கள். பந்தைக் கூடையில் போடுவது மட்டும் அதே மாதிரி வரவில்லை. அவர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர் மைசூர்க்காரரான எங்கள் பி.டி. மாஸ்டர். மழையானாலும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாத மனிதர். அவருக்குத் தெரிந்த ஒரே உத்தி "கமான் பாய்ஸ்" என்று கத்துவது. ஜெயித்துக்கொண்டிருந்தாலும் அதேதான், இருபது பாயிண்ட் பின்தங்கியிருந்தாலும் அதேதான்.

நான் விளையாடியதில்லை. ரசிகன். பி.காம் வகுப்பில் என் பெயர் தெரியாதவர்களுக்குக்கூடக் கேலரியில் என் தொண்டை தெரியும். அந்தத் தொண்டையால்தான் பணக்காரப் பையன்கள் என்னைப் பக்கத்தில் உட்கார விட்டார்கள். அவர்களிடம் கன்னடமும் இங்கிலீஷும்தான் பேசுவேன். வீடு எங்கே என்று கேட்டவர்களிடம் மல்லேஸ்வரம் என்று சொல்லியிருந்தேன். மல்லேஸ்வரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, பஸ் கண்ணுக்கு மறைந்த பிறகு, தமிழ்க் கூலிக்காரர்கள் நிறைந்த ஸ்ரீராம்புரத்துக்கு நடப்பேன். முழுப் பொய்யும் இல்லை. என் அம்மா மல்லேஸ்வரத்தில்தான் மூன்று வீடுகளில் பாத்திரம் தேய்த்தாள்.

எங்களை வருஷா வருஷம் தோற்கடித்தது ஓர் அரசுக் கல்லூரி. அவர்களிடம் ஒரே மாதிரி பனியன்கூடக் கிடையாது. எண்களைப் பெயிண்டால் எழுதியிருப்பார்கள், வியர்வையில் எட்டு மூன்றாகிவிடும். அவர்களுடைய பயிற்சியாளரை முதல்முறை பார்த்தபோது முன்னால் இருந்தவன் முதுகுக்குப் பின்னால் குனிந்துகொண்டேன். எங்கள் தெருக்குழாய்களுக்குத் தண்ணீர் திறந்துவிடுகிற வால்வ்மேன் அவர். குட்டையான உருவம், காக்கிக் கால்சட்டை, ரப்பர் செருப்பு. சைக்கிள் பாரில் வால்வு திருப்புகிற நீளமான இரும்புச் சாவியைக் கட்டிக்கொண்டு மைதானத்துக்கே வந்துவிடுவார். ஒரு காலத்தில் தன் இலாகா அணிக்கு ஆடியவராம். வேலை முடிந்ததும் சம்பளமில்லாமல் இந்தப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்.

கேலரியில் எல்லோரும் அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். "பிளம்பர், பிளம்பர்" என்று முதலில் கத்தியவனே நான்தான். அவர் என்னை அடையாளம் கண்டுவிடுவாரோ என்ற பயம்தான் அவ்வளவு உரக்கக் கத்த வைத்தது.

ஆனால் கண்ணை மூடிக்கொள்ள முடியவில்லை. அவர் பையன்களை ஒரு கெட்ட வார்த்தை சொல்லித் திட்டியதில்லை. ஆட்டத்தின் நடுவே ஓரிரண்டு வார்த்தைதான், அதுவும் தமிழில். அதில் முக்கியமானது "கொடம் வை". அந்த வார்த்தை விழுந்ததும் அவர்களில் உயரமான ஒருவன், எங்கள் ஆள் ஓடிவரும் பாதையில் போய் அசையாமல் நின்றுவிடுவான். எங்கள் ஆள் அவன்மேல் முட்டித் திணறும்போது இன்னொருவன் பந்தோடு உள்ளே புகுந்திருப்பான். ஸ்க்ரீன் என்று புத்தகத்தில் சொல்கிற அதே ஆட்டம்.

தெருக்குழாயில் நின்றவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. வரிசையில் குடத்தை வைத்துவிட்டால் போதும், ஆள் எங்கே வேண்டுமானாலும் போகலாம். குடம் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும், அதைத் தாண்டி யாரும் வரக்கூடாது. எங்கள் அணியினர் நூறு ஆட்டம் டிவியில் பார்த்தும் கற்காததை அந்த மனிதர் ஒரு பிளாஸ்டிக் குடத்தை வைத்துச் சொல்லிக்கொடுத்திருந்தார். எதிரணிக்காரரை இப்படி ரசிக்கிறோமே என்று எனக்கு என் மேலேயே எரிச்சலாக வந்தது. அதற்காகவும் சேர்த்துக் கத்தினேன்.

எங்கள் மாஸ்டர் இதைப் புரிந்துகொண்ட லட்சணத்தைச் சொல்ல வேண்டும். அவர் காதில் அது கன்னடமாக விழுந்தது. கன்னடத்தில் கொடு என்றால் கொடுதான்.

"கொடம்மா, கொடம்மா அந்தானே. பிச்சே பேடோ தரா," என்று சிரித்தார். பிச்சைக்காரன் மாதிரி அம்மா கொடு, அம்மா கொடு என்கிறானாம். அதனால் பந்தைக் கொடுக்கச் சொல்கிறார் என்று முடிவுகட்டி, "பாஸைத் தடு, பாஸைத் தடு" என்று எங்கள் ஆட்களை விரட்டினார். அவர்கள் வராத பாஸைத் தடுக்க ஓடினார்கள். அவர்கள் விட்டுப்போன இடத்தில் குடம் உட்கார்ந்தது. இரண்டு வருஷம் இந்தக் கூத்து நடந்தது.

மூன்றாம் வருஷ இறுதிப் போட்டியிலும் மாஸ்டர் அதையே ஆரம்பித்தபோது என்னால் தாங்க முடியவில்லை. அந்த முட்டாள்தனத்தைத் திருத்தினால் அணிக்குள் எனக்கும் ஓர் இடம் கிடைக்கும் என்ற கணக்கும் இருந்தது. இறங்கிப்போய் அவர் பெஞ்சுக்குப் பின்னால் நின்று விளக்கினேன். குடம் என்றால் எங்கே யார் நிற்பான், யார் புகுவான், எல்லாவற்றையும்.

அடுத்த மூன்று முறையும் எங்கள் ஆட்கள் குடத்தைச் சுற்றிக்கொண்டு போய்ப் பந்தைப் பிடுங்கினார்கள். இடைவேளையில் எட்டு பாயிண்ட் முன்னால் இருந்தோம். அதுவரை என்னை ஏறெடுத்துப் பார்க்காத கேப்டன் என் தோளில் கை போட்டான். இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டான்.

"எங்க வீட்ல வேலை செய்யற அம்மா தமிழ்," என்றேன்.

என் வாழ்க்கையில் நான் சொன்ன பொய்களில் அதைப் போல் வார்த்தைக்கு வார்த்தை உண்மையானது இன்னொன்று இல்லை.

கேப்டன் குளுக்கோஸ் குடிக்கப் போனதும் வால்வ்மேன் மைதானத்தைக் குறுக்கே கடந்து நேராக என்னிடம் வந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"எந்தக் குழாய்ப்பா நீ?"

எந்த ஊர், எந்தத் தெரு என்று கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில் எந்தக் குழாய் என்று கேட்டால் போதும், மிச்சமெல்லாம் அதில் வந்துவிடும்.

"நனகே தமிளு பரல்ல, சார்," என்றேன். எனக்குத் தமிழ் வராதாம். தமிழிலேயே கேட்டதற்குத் தயங்காமல் பதில் சொன்ன அழகு.

"சரிப்பா," என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார்.

இடைவேளைக்குப் பிறகு அவர் வேறு வார்த்தை கொடுத்தார். "யாருது இந்தக் கொடம்?" குழாயடியில் மூன்று தடவை அப்படிக் கேட்பார்கள். குடத்துக்குச் சொந்தக்காரர் குரல் கொடுக்காவிட்டால் குடத்தை எடுத்து நகர்த்திவிடுவார்கள். இப்போது அவர் கேட்டதும், அசையாமல் நின்ற உயரமானவனே சட்டென்று விலகிக் கூடைக்கு ஓடினான். குடத்தைச் சுற்றிப் போகப் பழகியிருந்த எங்கள் ஆட்கள் காலி இடத்தைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

"என்ன சொல்றான்? என்ன சொல்றான்?" என்று மாஸ்டர் என்னைப் பிடித்து உலுக்கினார். முதல் தடவையே எனக்குப் புரிந்துவிட்டது. வாயைத் திறக்கவில்லை. யாருது இந்தக் கொடம் என்று வால்வ்மேன் ஒவ்வொரு தடவையும் என்னைத்தான் கேட்கிறார் என்று தோன்றியது. திறந்தால் என் குழாய் தெரிந்துவிடும் என்ற பயம். மாஸ்டர் கடைசியில் தனக்குத் தெரிந்ததற்கே திரும்பினார். கமான் பாய்ஸ்.

பதினொரு பாயிண்டில் தோற்றோம். தோற்றதில் எனக்கு ஒரு கேவலமான சந்தோஷம் இருந்தது. அதை வெளியே காட்டுகிற யோக்கியதைதான் இல்லை.

எல்லோரும் வாசலில் நின்று புலம்பிக்கொண்டிருந்தோம். கடைசியில் அந்த ஆள் கத்தியதுதான் என்ன என்று கேப்டன் கேட்டான். "ஏதோ ஸ்லம் பாஷை, மச்சா. எனக்கே புரியல," என்றேன். நிமிர்ந்தால், பந்து மூட்டையைச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வால்வ்மேன் கேப்டனுக்குப் பின்னால் நிற்கிறார்.

முகத்தில் கோபம் இல்லை. எங்கள் தெருவில் யாரிடமும் பேசுகிற குரலில் சொன்னார்.

"நாளைக்கு சாயங்காலம் தண்ணி கெடையாது. காலைல அஞ்சு மணிக்கே தொறக்கறேன், அரை மணி நேரந்தான். உங்கம்மாகிட்டச் சொல்லிடு, வேலைக்குப் போறதுக்குள்ள புடிச்சிக்கட்டும்."

சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். என்ன சொல்கிறார் என்று கேப்டன் கேட்டான். நாளைக்கு அவர்களுக்குப் பயிற்சி உண்டாம், அவர் பையன்களிடம் சொல்லச் சொல்கிறார் என்று மொழிபெயர்த்தேன். அன்று நான் செய்த மொழிபெயர்ப்பில் அது ஒன்றுதான் தப்பு.

வீட்டில் அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் யார் சொன்னது, எங்கே பார்த்தாய் என்று கேட்பாள். கேள்விமேல் கேள்வி எங்கே போய் நிற்கும் என்று எனக்குத் தெரியும்.

மறுநாள் தெருவில் சத்தம் கேட்டு அம்மா எழுந்து ஓடியபோது நேரமாகிவிட்டது. நான் போர்வைக்குள் முழித்துக்கொண்டே கிடந்தேன். அவள் திரும்பி வந்த சத்தத்திலேயே குடங்கள் காலி என்று தெரிந்தது.

"வால்வ்மேன் வால்வ முடுக்கி மூடிட்டிருந்தாரு, கேட்டேன். உன் பையன்கிட்ட நேத்தே சொல்லி அனுப்பினேனேங்கறாரு," என்றாள். "உங்கிட்டச் சொன்னாராடா?"

"எங்கிட்ட யாரும் சொல்லல."

அவளுக்கு வேலைக்குப் போக நேரமாகியிருந்தது.

"அப்ப வேற யாரையோ என் பையன்னு நெனச்சிட்டாரு போல," என்று சொல்லிவிட்டுக் காலிக் குடங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள்.