எங்கேயும் போகாமல் சைக்கிள் ஓடிய டோரின்

கொட்டாஞ்சேனையில் எங்கள் தெருவில் பதினொரு சைக்கிள்கள் இருந்தன. அவற்றில் பத்துக்குக் கரியர் உண்டு. பாண்பெட்டி, மீன்கூடை, காஸ் சிலிண்டர், மனைவி என்று அவரவர் தமக்குரியதை ஏற்றிக்கொண்டு போனார்கள். பதினொராவது என் தங்கை டோரினுடையது. அதற்குக் கரியர் இல்லை, மட்காட் இல்லை, பெல்லும் இல்லை. தடித்த இரண்டு டயர்களும் பதினெட்டுக் கியரும்தான் இருந்தன. ஜப்பானிலிருந்து கப்பலில் வந்த பழைய சைக்கிள்களைக் குவித்து விற்ற ஒரு கடையில், 1996 செப்டெம்பரில் அதை வாங்கினாள். அதற்குப் பெயர் மவுண்டன் பைக் என்றாள்.

"கொட்டாஞ்சேனையில எங்கயடி மவுண்டன்?" என்று அம்மா கேட்டார்.

"இருக்கிற இடத்துக்கு நான் போறன்."

"தேங்காய எதில வச்சுக் கொண்டு வருவாய்?"

இப்போது அவளிடம் இருப்பது மூன்றாவது சைக்கிள். அதிலும் தேங்காய் வைக்க இடமில்லை.

அப்போது அவளுக்கு இருபத்திநான்கு வயது. வெள்ளவத்தையில் ஒரு கொமியூனிகேஷனில் வேலை. வெளிநாட்டுக்குக் கோல் எடுக்க வரும் சனத்தைக் கண்ணாடிக் கூண்டுகளுக்குள் அனுப்பிவிட்டு நிமிடக் கணக்குப் பார்க்க வேண்டும். கூண்டுக்குக் கதவு இருந்ததே தவிர, உள்ளே கதைப்பது முழுவதும் வெளியே கேட்கும். கனடாவுக்கு அழுகிறவர்கள், சுவிஸோடு சண்டை பிடிக்கிறவர்கள், ஜேர்மனிக்குப் பெண் பேசுகிறவர்கள் என்று காலை எட்டு மணியிலிருந்து இரவுவரை வருவார்கள்.

"ஆறு நாளும் மற்ற ஆக்கள் எங்கயோ போற கதையத்தான் கேக்கிறன். ஞாயிற்றுக்கிழமை நான் எங்கயும் போகாம ஓடவேணும்" என்பாள்.

யுத்தம் நடந்த அந்த ஆண்டுகளில் கொழும்பில் ஒரு தமிழருக்கு இது பெரிய ஆசை. தெருவில் இறங்கினால் ஒவ்வொரு சோதனைச்சாவடியிலும் இரண்டு கேள்விகள் காத்திருக்கும்: எங்கே போகிறாய், எதற்குப் போகிறாய். எங்கள் தெருவார் பதிலைப் பையிலேயே வைத்திருப்பார்கள். பக்கத்து வீட்டு இரத்தினம்மா அக்கா 1993ஆம் ஆண்டின் மருந்துத் துண்டு ஒன்றை நான்கு வருடமாகக் காட்டி வந்தார். அதில் எழுதியிருந்த வயிற்றோட்டம் அத்தனை நாளும் ஓடியிருந்தால் அவரை எப்போதோ அடக்கம் செய்திருப்போம். அந்தோனியார் கோயிலில் நவநாள் பூசை என்று சொல்லலாம். ஆனால் அது செவ்வாய்க்கிழமை மட்டுமே எடுபடும். டோரின் வேலைக்குப் பிந்தினால் அழகாகப் பொய் சொல்லக்கூடியவள். சைக்கிள் விஷயத்தில் மட்டும் சொல்ல மாட்டாள்.

"எங்க போறாய்?"

"எங்கயும் இல்ல சேர்."

"அப்ப ஏன் போறாய்?"

"அங்கால ஒரு இறக்கம் இருக்கு. அதில இறங்க."

அநேகமாக அவர்கள் தலையைச் சொறிந்துகொண்டு விட்டுவிடுவார்கள். பைத்தியங்களைப் பற்றி மேலிடத்து உத்தரவு எதுவும் வந்திருக்கவில்லை.

ஐப்பசியில் பின்னேர மழை தொடங்குமுன் கொலன்னாவை எண்ணெய்த் தாங்கிகளுக்குப் பக்கத்து வாய்க்கால் கட்டுகளில் ஓடினாள். மார்கழியில் சைக்கிளை ரயிலில் ஏற்றி அட்டனுக்குக் கொண்டுபோனோம். தேயிலைத் தோட்டத்து ஒற்றையடிப் பாதையில் அதைத் தோளில் சுமந்துகொண்டு இரண்டு மணி நேரம் ஏறினாள். கொழுந்து பறித்துக்கொண்டிருந்த ஆறாயி என்ற அம்மாள் வேலையை விட்டுவிட்டு அவளைப் பார்த்தார்.

"கீழ பஸ்ஸு போவுதே தாயி. அதுக்குமா காசில்ல?"

ஏற எடுத்தது இரண்டு மணி நேரம். இறங்க எடுத்தது பதினொரு நிமிடம் இருபது விநாடி. நான் கீழே கைக்கடிகாரத்தோடு நின்றேன். இறங்கி வந்தவளின் முழங்காலில் இரத்தம் வடிந்தது. பல் முப்பத்திரண்டும் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

தை, மாசியில் களனி ஆற்றங்கரை காய்ந்து கிடக்கும். அங்கிருந்து மா ஆலையில் வேலை செய்தவள்போலப் புழுதி பூசி வருவாள். சித்திரையில் மூன்று மணிக்கு இடி இடிக்கும் என்பதால் காலையிலேயே வத்தளைப் பக்கம் கால்வாய் ஓரமாகப் போய், தென்னைகளின் கீழ் ஓடிவிட்டு, இரண்டு தம்பிலி இளநீர் குடித்துவிட்டுத் திரும்புவாள். வைகாசியில் பெருமழை பிடித்தால்தான் அவளுக்கு உண்மையான பெருநாள். வெள்ளத்தடுப்பு அணைக்கட்டின் சிவப்புச் சேற்றில் பின்சில்லு பாம்பாக நெளிய நெளிய இறங்குவாள். அம்மா அவளை நான்கு வாளித் தண்ணீர் ஊற்றியே வீட்டுக்குள் எடுப்பார்.

பெரும்பாலான ஞாயிறுகளில் நானும் பின்னால் பஸ்ஸில் போய், இவை எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதி வைத்தேன். தேதி, தூரம், சேற்றின் ஆழம், விழுந்த தடவை. நான் தையல் கடையில் துணி வெட்டுகிறவன். அளக்காத எதையும் நம்ப மாட்டேன். வேறு யாருடைய தங்கையாவது இப்படி ஓடியிருந்தால் அவர்களும் எழுதியிருப்பார்கள். ஓடவில்லை, எழுதவில்லை.

அட்டனிலிருந்து வந்தவள் மூன்று நாள் நின்றுகொண்டே சாப்பிட்டாள். அந்தச் சைக்கிளின் இருக்கை அவ்வளவு கடினம். அதனால் அவளுக்குக் கறுப்பு டிரில் துணியில் ஒரு காற்சட்டை தைத்தேன். அந்தக் காலத்தில் கந்தோர் வேலைக்குப் போகும் பெண்கள் அலுமாரிபோலத் தோள் அகன்ற ஜாக்கெட் போட்டார்கள். அதற்கு வைக்கும் தோள்பஞ்சு கடையில் பெட்டி பெட்டியாகக் கிடந்தது. அதில் எட்டை எடுத்து, பின்பக்கம் இரட்டைத் துணிக்கு நடுவில், முக்கால் அங்குலக் கனத்துக்கு வைத்துத் தைத்தேன். தையல் வெளியே தெரியவே தெரியாது. அதைவிட நல்ல வேலை நான் இன்றுவரை செய்ததில்லை.

1997 ஜூன் 15, ஞாயிற்றுக்கிழமை. காலை ஐந்தரைப் பூசை முடிந்து மழைக்குள் புறப்பட்டவளை ஒரு பாலத்தடிச் சோதனைச்சாவடியில் மறித்தார்கள். வழக்கமான ஆட்கள் அன்று இல்லை. புதிதாக வந்திருந்த குசும் என்ற பெண் கொன்ஸ்டபிள் உடம்பைத் தடவிப் பார்த்தாள். பின்பக்கம் கை போனதும் அப்படியே நின்றுவிட்டாள். பெண்கள் உடம்பில் எதையாவது கட்டிக்கொண்டு வந்தால் அது என்னவாக இருக்கும் என்று அந்நாளில் எல்லோருக்கும் தெரியும்.

"நங்கி, இதுக்குள்ள என்ன?" என்று, தங்கையைக் கூப்பிடும் சிங்களச் சொல்லால், மெதுவாகக் கேட்டாளாம்.

"தோளுக்கு வைக்கிற பஞ்சு, அக்கே."

"தோளுக்கு வைக்கிறதை ஏன் அங்க வச்சிருக்கிறாய்?"

எங்கே போகிறாய் என்ற கேள்விக்கும் டோரின் வழக்கமான பதிலையே சொல்லியிருக்கிறாள்.

பதினொரு மணிக்கு எனக்குச் செய்தி வந்தது. பொலிஸ் நிலையத்துக்கு நான் போனபோது டோரின் யாருடையதோ ஒரு சீத்தைத் துணியைச் சுற்றிக்கொண்டு மர வாங்கில் உட்கார்ந்திருந்தாள். சைக்கிள் வாசல் சுவரில் சாய்ந்திருந்தது. காற்சட்டை முற்றத்து நடுவில், மணல்மூட்டைகள் சூழ, தனியாக மழையில் நனைந்துகொண்டிருந்தது. ஒருவரும் அதன் கிட்டே போகவில்லை.

நான் போய் அதை எடுத்து வந்து, இன்ஸ்பெக்டரின் மேசையில் வைத்து, சவர அலகால் தையலைப் பிரித்தேன். எட்டுத் தோள்பஞ்சும் வெளியே வந்தன. இன்ஸ்பெக்டர் ஒன்றை எடுத்துப் பிழிந்து பார்த்தார். பிறகு தன் தோளில் வைத்துப் பார்த்தார். குசும் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். எல்லோரும் சிரித்தார்கள். "சரி, கூட்டிக்கொண்டு போ" என்றார் அவர்.

அப்போதே எழும்பி நடந்திருக்க வேண்டும். எனக்கு மனம் கேட்கவில்லை. என் தங்கையை ஏதோ சும்மா சுற்றித் திரிகிறவள் என்று அவர்கள் நினைத்துக்கொண்டு போகக்கூடாது அல்லவா? கையோடு கொண்டுபோன கொப்பியை எடுத்து, "சேர், இவ ஓடின முழுத் தூரமும் இதில இருக்கு" என்று நீட்டினேன்.

டோரின் கண்ணை மூடிக்கொண்டாள்.

இன்ஸ்பெக்டருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. படம் பார்க்கத் தெரியும். அவர் திறந்த பக்கத்தில் கொலன்னாவைப் படம் இருந்தது. எண்ணெய்த் தாங்கிகள் எட்டையும் வட்டம் வட்டமாக, தூரத்தைத் துணி அளக்கும் கெஜக் கணக்கில் குறித்து, நான் வரைந்தது. அவர் மஷூர் என்ற கொன்ஸ்டபிளைக் கூப்பிட்டார். மஷூர் படத்தின் கீழே இருந்ததை வாசித்தார்:

"தாங்கிகளுக்குப் பின்பக்கம். அருமையான இறக்கம். தடுக்க ஆளில்லை."

அந்தத் தாங்கிகள் குண்டுவைத்து எரிக்கப்பட்டு இருபது மாதம்கூட ஆகியிருக்கவில்லை.

சிரிப்பு நின்றது. இன்ஸ்பெக்டர் தொலைபேசியை எடுத்தார். ஐந்து மணிக்கு மேலிடத்து ஜீப் வரும், டோரினை அதில் ஏற்ற வேண்டும் என்று பதில் வந்தது. அப்படி ஏறியவர்களில் சிலர் மாதக்கணக்கில் திரும்பவில்லை. சிலரைப் பற்றி அவர்களுடைய தாய்மார் இன்னும் விசாரித்துக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணா, நீங்க படிச்சது எட்டாம் வகுப்பு வரைக்கும்தானே? ஏழோட நிப்பாட்டியிருக்கலாம்" என்றாள் டோரின்.

ஜீப் வருமுன் கொப்பி முழுவதையும் மொழிபெயர்த்து வைக்கும்படி உத்தரவு. மஷூர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தொடங்கினார். சிறிது நேரத்தில் என்னைப் பார்த்தார்.

"என்ன வாப்பா இது? 'சே. நாலு, வி. ரெண்டு' எண்டு ஈக்கி. இதென்ன கணக்கு?"

"சேறு நாலு அங்குலம். விழுந்தது ரெண்டு தரம்."

இன்ஸ்பெக்டர் நம்பவில்லை. இரகசியக் குறி என்றார். எல்லாவற்றையும் சத்தமாக வாசிக்கச் சொன்னார். மஷூர் வாசித்தார்: களனி, புழுதி, கறுப்பு நாய் துரத்தியது, வி. ஒன்று. வத்தளை, தம்பிலி இரண்டு, வி. இல்லை. மே 25, அணைக்கட்டு, சே. ஆறு, வி. மூன்று.

டோரின் வாங்கிலிருந்து எழும்பினாள்.

"மூண்டா? எந்த மூண்டு?"

"கட்டில ரெண்டு, வேலியடியில ஒண்டு" என்றேன்.

"வேலியடியில நான் விழயில்ல. கால் ஊண்டினனான்."

"கை நிலத்தில பட்டது. நான் பாத்தனான்."

"கை பட்டா விழுந்ததா? அப்ப நீங்க பூசையில முழங்கால் போடுறதும் விழுறதோ?"

"கைமுட்டு வரைக்கும் சேறு இருந்தது டோரின். அளந்தனான்."

"ஒன்பது மாசமா என்னைக் களவா எண்ணிக்கொண்டு இருந்திருக்கிறீங்க. வெக்கமாயில்ல? சேர், அந்த மூண்ட வெட்டிப்போட்டு ரெண்டு எண்டு எழுதச் சொல்லுங்கோ. மாத்தாம நான் ஜீப்பில ஏற மாட்டன்."

இதைச் சிங்களத்திலும் ஒருமுறை சொன்னாள். இன்ஸ்பெக்டர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருடைய நீண்ட சேவையில், ஜீப்புக்குக் காத்திருக்கும் ஒருத்தி எத்தனை தடவை விழுந்தாள் என்று சண்டை பிடித்ததை அவர் கண்டிருக்க மாட்டார். மஷூரிடம் ஏதோ கேட்டார். மஷூர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இவங்களுக்குப் பைத்தியம் சேர், வேற ஒண்டுமில்ல" என்றார். அன்று எங்கள் குடும்பத்துக்கு யாரும் செய்த மிகப் பெரிய உதவி அதுதான்.

"மழையில, சேத்தில, சைக்கிளில ஏறி இறங்குறது சந்தோசமெண்டு சொல்லுறாய்?" என்று இன்ஸ்பெக்டர் டோரினைக் கேட்டார்.

"ஓம் சேர்."

நிலையத்து வாசலில் காவலுக்காக மண் கொட்டி, மனிதர் உயரத்துக்கு ஒரு மேடு எழுப்பியிருந்தார்கள். மழையில் ஊறிக் கிடந்தது. அவர் அதைக் காட்டினார்.

"ஏறி இறங்கு. பாப்பம்."

"காற்சட்டை வேணும்" என்றாள் டோரின். "அண்ணா, திரும்பத் தைச்சுத் தாங்கோ."

மணி மூன்றரை. என் சேட்டுக் கொலருக்குக் கீழே ஊசியும் நூலும் எப்போதும் குத்தியிருக்கும். இன்ஸ்பெக்டரின் மேசையில் உட்கார்ந்து எட்டுத் தோள்பஞ்சையும் வைத்துத் தைத்தேன். தையல் நேராகத்தான் போனது. இரண்டு பொலிஸ்காரர் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருவர் தன் சீருடைக் காற்சட்டைக்கும் இப்படிச் செய்யலாமா என்று கேட்டார்.

நான்கரைக்கு ஏறினாள். முதல் தடவை பாதி மேட்டில் சில்லு சுழன்று பக்கவாட்டில் விழுந்தாள். ஒருவரும் சிரிக்கவில்லை. இரண்டாம் தடவை கியரை இறக்கி, உடம்பை முன்னே சாய்த்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு உச்சிக்குப் போனாள். அங்கே ஒரு கணம் நின்றாள். மழை முகத்தில் அடித்தது. பிறகு இரண்டு கால்களிலும் எழும்பி, மறுபக்கத்தால் வழுக்கிக்கொண்டு இறங்கி, பொலிஸ் நிலையம் என்பதையே மறந்து ஊளையிட்டாள்.

இன்ஸ்பெக்டர் உள்ளே போய், கொப்பியிலிருந்து கொலன்னாவைப் படத்தைக் கிழித்து, எட்டாக மடித்து, நெருப்புக்குச்சியால் கொளுத்தினார். புறங்கையை அசைத்துப் போகச் சொன்னார்.

குசும் மேட்டடியில் நின்றாள்.

"நங்கி, நானும் ஒருக்கா ஏறிப் பாக்கட்டா?"

"மேட்டில வேண்டாம் அக்கே. முதல்ல முற்றத்தில ஓடுங்கோ."

ஜீப் சரியாக ஐந்து மணிக்கு வந்தது. இறங்கிய அதிகாரி, சந்தேக நபர் எங்கே என்று கேட்டார். இன்ஸ்பெக்டர் முற்றத்தைப் பார்த்தார். குசும் சீருடைப் பாவாடையை முழங்கால்வரை இழுத்துச் செருகிக்கொண்டு சைக்கிளில் தள்ளாடிக்கொண்டிருந்தாள். இருக்கையைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடிய டோரின், சில்லைப் பார்க்காதே, முன்னால் பார் என்று சிங்களத்தில் ஏசிக்கொண்டிருந்தாள்.

"விசாரிச்சு முடிஞ்சுது சேர். ஒண்டுமில்ல" என்றார் இன்ஸ்பெக்டர்.

"அப்ப அந்தச் சேத்தோட நிக்கிறவ ஆர்?"

"சைக்கிள் பழக்க வந்த மிஸ்."

குசும் நேராக மணல்மூட்டைகளுக்குள் போய் விழுந்தாள்.

"முதல்ல பிரேக் எங்க இருக்கெண்டு காட்டச் சொல்லும்" என்றார் அவர். ஒரு தேத்தண்ணி குடித்தார். ஜீப் வெறுமையாகத் திரும்பிப் போனது.

குசும் எழும்பி, இன்னும் ஒரு சுற்றுக் கேட்டாள். டோரின் கொடுத்தாள். அது முடியும்வரை நான் குடையைப் பிடித்துக்கொண்டு ஒரு மணல்மூட்டையில் உட்கார்ந்திருந்தேன்.