கறி நல்லா வெந்துகீது

மகன் கறி சாப்பிடுவதை விட்டதிலிருந்து நாங்கள் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. அவனுக்குத் தனிச் சட்டி, தனிச் சமையல். இந்த ஞாயிறு மீல்மேக்கரைக் கறி மசாலாவில் கொதிக்கவிட்டான். அந்த வாசனையில் சின்ன வயதில் நாங்கள் இருந்த கோவில்பதாகை வீடு ஞாபகம் வந்துவிட்டது.

அப்போது அப்பா வேலை பார்த்த அம்பத்தூர் கம்பெனி மூடிக் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை கறி எடுக்க வழியில்லை. அம்மா இதே மீல்மேக்கரைப் போட்டுக் குழம்பு வைத்தாள். பக்கத்து வீட்டுக்கு வாசனை போகட்டும் என்று கதவைத் திறந்தே வைத்தாள்.

அப்பா மென்றுகொண்டே, "கறி நல்லா வெந்துகீது" என்றார்.

"எலும்பே இல்லியே நைனா?" என்றேன்.

"கடைக்காரன் நல்லவன்டா. எலும்பே போடல."

அம்மா அவருக்கு இன்னொரு கரண்டி ஊற்றினாள். அவர் தெரிந்து சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா, இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

மகன் சட்டியோடு வந்து என் எதிரே உட்கார்ந்தான். என் தட்டிலும் கொஞ்சம் வைத்தான்.

"எப்டிப்பா கீது?"

மென்று பார்த்தேன். "கறி நல்லா வெந்துகீது" என்றேன்.

"அது கறி இல்லப்பா!"

எனக்கும் தெரியும். பிறகு ஏன் அப்படிச் சொன்னேன் என்றுதான் தெரியவில்லை. அவன் சிரித்துக்கொண்டே இன்னொரு கரண்டி ஊற்றினான்.