ராகு காலம் தொடங்கட்டும் என்று காத்திருந்த வீடு

ஸ்கூட்டர் ஷோரூமில் சாவிக்காக உட்கார்ந்திருந்தபோதுதான் அந்த எண்ணம் முதன்முதலாக எனக்குள் பளிச்சிட்டது. வெள்ளிக்கிழமை காலை. பணம் கட்டியாயிற்று, நம்பர் வந்தாயிற்று, வண்டி துடைத்து வாசலில் நிற்கிறது. ஷோரூம்காரர் அப்பாவிடம் வந்து கன்னடம் கலந்த தமிழில் அக்கறையோடு சொன்னார்.

"சார், ஹத்தூவரேக்கு ராகுகாலா. அதுக்கு முந்தி எடுத்துட்டுப் போயிடுங்க."

அப்பா நாற்காலியில் இன்னும் நன்றாகச் சாய்ந்துகொண்டார். "பத்தரை ஆகட்டும்பா. அப்புறம் எடுத்துக்கிறோம்."

"அப்புறம்னா ராகுகாலா பந்துடும் சார்."

"அது வரட்டும்னுதான் உக்காந்திருக்கேன்."

அவர் ஒன்றும் புரியாமல் போய், எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு எலுமிச்சம்பழத்தோடு திரும்பி வந்தார். "டயருக்கு அடியில வைக்காதப்பா, வீணாப் போயிடும்," என்றார் அப்பா. "ஜூஸ் போட்டுக் குடு. வெயில்ல வந்திருக்கோம்."

எங்களைச் சுற்றி எல்லோரும் கடிகாரத்தைப் பார்த்தபடி, பத்தரைக்குள் கிளம்பிவிட அவசரப்பட்டுக்கொண்டிருந்தார்கள். நாங்களும் கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். எனக்கு ஆபீஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.

"ஏம்பா, நமக்குத்தான் ராகுவும் கிடையாது, கேதுவும் கிடையாதே. இப்பவே எடுத்தா என்ன?"

"நம்ம வீட்டுல எதை ஆரம்பிச்சாலும் ராகு காலத்துலதான். எங்கப்பா காலத்துலேர்ந்து அப்படித்தான்."

"அதான் ஏன்னு கேக்கறேன்."

"ஏன்னா என்னம்மா ஏன்? அப்படித்தான்."

அப்போதுதான் உறைத்தது. இப்படிப் பேசுகிறவருக்குப் பெயர் புரட்சிக்காரர் இல்லை. இவர் அசல் பழமைவாதி. நானும் அப்படித்தான். நாங்கள் காப்பாற்றிக்கொண்டிருக்கும் பழமை நாத்திகம், அவ்வளவுதான் வித்தியாசம்.

அப்பா தொழிற்சாலையில் சங்கம் வளர்த்து ஓய்வு பெற்றவர். லிங்கராஜபுரத்தில் எங்கள் வீட்டுக்குப் பால் காய்ச்சியது அஷ்டமியில். கிரகணத்தன்று எங்கள் வீட்டில் பிரியாணி கட்டாயம், பசியில்லாவிட்டாலும். நாள்காட்டித் தாளைக் கிழித்ததும் அப்பா முதலில் பார்ப்பது ராகு காலம், அடுத்து எமகண்டம். பக்கத்து வீட்டுக் கிறிஸ்தவ ஆன்ட்டி தோன்றிய நேரத்தில் கடைக்குப் போய்த் தோன்றிய நேரத்தில் வருவார். ராகு காலம் என்று ஒன்று இருப்பதே அவருக்கு நினைவிருக்காது. பஞ்சாங்கத்தைக் கரைத்துக் குடித்தவர்கள் எங்கள் தெருவில் நாங்கள் மட்டும்தான்.

இதைக் கேலியாகச் சொல்லவில்லை. அந்த அரை மணி நேரக் காத்திருப்பு எனக்குப் பிடித்திருந்தது. நான் பிறப்பதற்கு முன்பே யாரோ யோசித்து முடிவு செய்த ஒன்றை என் கையில் கொடுத்திருக்கிறார்கள், அதை நான் கீழே போடக்கூடாது என்கிற உணர்ச்சி. என் அரசியலும் அதே உணர்ச்சியிலிருந்துதான் வருகிறது. ஒன்றை இடிப்பதற்கு முன்னால் அது எதைத் தாங்கி நிற்கிறது என்று பார்க்க வேண்டும். குடும்பம் செய்கிற வேலையை அரசாங்கம் எடுத்துச் செய்தால் அரைகுறையாகத்தான் செய்யும். உழைத்துச் சம்பாதித்ததில் அரசு கை வைப்பதற்கு ஓர் அளவு வேண்டும். மாற்றம் வரட்டும், நடந்து வரட்டும். இதையெல்லாம் சொல்வதற்கு மேலே ஒருவர் உட்கார்ந்திருக்கத் தேவையில்லை. உண்மையில், மேலே யாருமே இல்லை என்றால்தான் இருப்பதை இன்னும் பத்திரமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். உடைந்தால் ஒட்டித் தர யார் வருவார்கள்?

இதை அப்படியே அல்சூரில் எங்கள் படிப்பகத்தில் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கூடுகிற பகுத்தறிவுப் படிப்பகம் அது. நான் எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகியது அந்தப் பெஞ்சுகளில்தான். புதிய செயலாளராக என் பெயரை முன்மொழிந்திருந்தார்கள். பொறுப்புக்கு வருவதற்கு முன் எதையும் மறைக்கக் கூடாது என்று, போன தேர்தலில் நான் எந்தப் பக்கம் ஓட்டுப் போட்டேன் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டேன். அப்பா தரையைப் பார்த்தார்.

தலைவர் அப்பாவோடு ஒரே தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். என்னைத் தோளில் தூக்கித் திரிந்தவர். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார்.

"அந்தப் பக்கத்து ஆளுங்க கும்பிடாத சாமி இல்லை. அவங்களோட உனக்கு என்ன ஜோலி?"

"அவங்க கும்பிடறது அவங்க இஷ்டம் தோழர். வரி பத்தி அவங்க சொல்றது சரின்னா சரிதானே. சாமி இல்லைன்னு சொல்ற எல்லாரும் ஒரே சின்னத்துல குத்தணும்னு எந்த வேதத்துல இருக்கு?"

பின்னாலிருந்து ஒருவர் சிரித்தார். தலைவர் சிரிக்கவில்லை.

"எதைம்மா காப்பாத்தப் போற? எங்களைக் கோயில் வாசல்ல நிக்க வெச்சாங்களே, அந்த வழக்கத்தையா? தனி டம்ளர்ல டீ குடுத்தாங்களே, அதையா? பழசுன்னா எங்களுக்கு அதான்மா."

இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். பஸ்ஸில் எத்தனையோ முறை பதில் சொல்லிப் பார்த்திருந்தேன்.

"அது அவங்க பழசு தோழர். அதை நான் எதுக்குக் காப்பாத்தறேன்? அவங்க உங்களை வெளிய நிக்க வெச்சாங்க, நீங்க அந்த வெளிய நின்ன இடத்துலயே இந்தப் படிப்பகத்தைக் கட்டினீங்க. அது எனக்குப் பழசு. அதை விட மாட்டேன்னு சொல்றேன். இதுக்குப் பேரு பழமைவாதம்னா, ஆமா, நான் பழமைவாதிதான்."

"பேச்சு நல்லாத்தான் இருக்கு," என்றார். "ஆனா அந்த டம்ளரை இன்னும் கழுவாம வெச்சிருக்கறவங்களும் அதே கட்சியிலதானே இருக்காங்க?"

இருக்கிறார்கள். இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை, சொல்லவும் இல்லை. "அவங்களை உள்ள இருந்து நான்தான் கேக்கணும்," என்றேன். செயலாளர் பதவியைப் பற்றிக் கமிட்டி யோசிக்கும் என்று சொல்லிக் கூட்டத்தை முடித்தார்கள்.

உள்ளே இருந்து கேட்கும் வாய்ப்பு அடுத்த வாரமே வந்தது. தொம்மலூரில் என் ஆபீஸில் ஒரு சேலத்துக்காரர் எனக்கு டீம் லீட். அவரும் நண்பர்களும் சனிக்கிழமைகளில் ஒரு மாடி ஹாலில் கூடி அரசியல் பேசுவார்கள். எல்லோரும் என்னைப் போலவே சிந்திக்கிறவர்கள், வரியிலிருந்து பள்ளிக்கூடம்வரை. சாப்பாட்டு மேஜையில் நான் போடும் சண்டைகளைப் பார்த்துவிட்டு என்னைப் பேச அழைத்தார். போனேன். மேடையில் ஆளுயரக் குத்துவிளக்கு. என் கையில் மெழுகுவத்தியைக் கொடுத்தார்கள்.

"நான் ஏத்த மாட்டேங்க."

"ஒரு திரிதாங்க," என்றார் டீம் லீட்.

"கரண்ட் போனா எல்லாத் திரியும் ஏத்தறேன்."

"அட, சாமிக்குன்னு யாருங்க சொன்னா? ஒரு சம்பிரதாயம். நீங்கதானே சம்பிரதாயத்துக்கு வக்காலத்து வாங்கறவங்க?"

நல்ல அடி. மெழுகுவத்தியை அவரிடமே நீட்டினேன்.

"இது உங்க சம்பிரதாயம். ஏத்தாம இருக்கறது என்னோடது. மூணு தலைமுறையா எங்க வீட்டுல ஏத்தினதில்லை. இன்னைக்கு உங்களுக்காக ஏத்தினேன்னா அப்புறம் நான் என்ன பழமைவாதி?"

முன்வரிசையில் இரண்டு பெண்கள் கைதட்டினார்கள். மற்றவர்கள் மேற்கூரையைப் பார்த்தார்கள். மெழுகுவத்தி வேறொரு கைக்குப் போனது. என் பேச்சு கடைசிக்குத் தள்ளப்பட்டது, அப்புறம் ஹால் நேரம் முடிந்துவிட்டது என்றார்கள். "வருத்தப்படாதீங்க, போகப் போகச் சரியாயிடுவீங்க," என்று டீம் லீட் படியிறங்கும்போது ஆறுதல் சொன்னார். காய்ச்சல்காரிக்குச் சொல்வதுபோல.

"நீங்களும்தாங்க," என்றேன்.

வீட்டுக்குப் போவதற்குள், ஹாலில் யாரோ எடுத்த போட்டோ படிப்பகத்து வாட்ஸாப் குழுவுக்கு வந்துவிட்டது. விளக்குக்குப் பக்கத்தில் நான். சுடரைத் தொடுகிற கை என்னுடையது போலத்தான் தெரிந்தது. கீழே யாரோ, "நம்ம செயலாளரம்மா," என்று எழுதிக் கும்பிடு போட்டிருந்தார்கள். மறுநாள் கமிட்டி கூடி, என்னை ஒரு வார்த்தை கேட்காமலேயே என் பெயரை எடுத்துவிட்டது. படிப்பகத்துக்கு வரக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. வராமல் இருந்தால் நல்லது என்று எல்லோருடைய முகமும் சொன்னது.

அப்பா சாப்பிடும்போது கேட்டார். "ஏத்துனியா?"

"இல்லைப்பா."

"ஏன் ஏத்தலை? அங்க எல்லாரும் உன் ஆளுங்கதானே."

"நம்ம வீட்டுல வழக்கமில்லை."

ரசத்தை ஊற்றிக்கொண்டு வெகுநேரம் பிசைந்தார். சிரிப்பை அடக்குகிறாரா, கோபத்தையா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

"நீ ஓட்டுப் போட்டது தப்பு. சாகுற வரைக்கும் அதைத்தான் சொல்லுவேன்."

"சொல்லுங்க. நானும் போட்டுக்கிட்டேதான் இருப்பேன்."

"திமிரு," என்று அம்மாவைப் பார்த்துச் சொன்னார். "உங்க குடும்பத்துத் திமிரு," என்றாள் அம்மா, அப்பளத்தை நகர்த்தி வைத்தபடி.

விலகிப் போவது சுலபம். புதிதாக ஒரு வாட்ஸாப் குழு தொடங்கி, என்னைப் போன்ற நாலு பேரைப் பிடித்து, ஒருவரையொருவர் பாராட்டிக்கொண்டிருக்கலாம். எனக்கு அது வேண்டாம். அந்தப் பெஞ்சு என்னுடையது. கடவுள் இல்லை என்பதை அங்கேதான் கற்றேன், அதற்கு அவர்களுடைய அரசியலைக் கூலியாகக் கேட்டால் தர மாட்டேன். அந்த மாடி ஹாலும் என்னுடையது. அங்கே என் வாதத்தை ஏற்றுக்கொள்கிறவர்கள் என் கும்பிடாத கையையும் சேர்த்துத்தான் ஏற்றுக்கொள்ள வேண்டும். இரண்டு இடத்திலும் பாதி ஆளாக நிற்க எனக்குத் தெரியாது.

அதனால் தலைவரின் வீட்டுக்கே போனேன். கமிட்டியின் முடிவை ஏற்காத உறுப்பினருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மேடை கொடுக்க வேண்டும், எல்லோரும் இருந்து கேட்க வேண்டும் என்று படிப்பகத்தில் ஒரு பழைய நடைமுறை உண்டு. என் நினைவில் யாரும் அதைக் கேட்டு வாங்கியதில்லை.

"அதெல்லாம் அந்தக் காலத்து ஏற்பாடும்மா," என்றார்.

"அதனாலதான் கேக்கறேன் தோழர்."

உள்ளே திரும்பி, எனக்கும் சேர்த்து காபி போடச் சொன்னார். "தலைப்பு?"

"கடவுள் இல்லை, அவசரமும் இல்லை."

வரும் ஞாயிறு பேசுகிறேன். டீம் லீடையும் கூப்பிட்டிருக்கிறேன். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை, பார்க்கிங் இருக்குமா என்று கேட்டார். அப்பா முன்வரிசையில் உட்கார்ந்து முதல் கேள்வியைத் தானே கேட்கப்போவதாக அறிவித்துவிட்டார், என்ன கேள்வி என்று சொல்ல மறுக்கிறார். அந்த டம்ளர் கேள்விக்கு என்னிடம் இன்னும் பாதிப் பதில்தான் இருக்கிறது. அங்கிருந்துதான் தொடங்கப் போகிறேன்.