உடன் வந்தவர்

“விண்ணப்பதாரரிடம் கேட்கப்படும் கேள்விக்கு விண்ணப்பதாரரே பதில் அளிக்க வேண்டும். உடன் வந்திருப்பவர் குறுக்கிடலாகாது.”

இது நான் எழுதிய விதி. ஆங்கிலத்தில் எழுதினேன், தமிழில் சொன்னாலும் அதே கடுகடுப்புத்தான். நான் வேலை பார்த்த அலுவலகத்தில், முதல் முறை விண்ணப்பம் மறுக்கப்பட்டவர்கள் மேல்முறையீடு செய்துவிட்டு நேரில் வருவார்கள். தனியாக வருகிறவர்கள் குறைவு. அம்மாவுக்காக மகன் பேசுவான், தம்பிக்காக அக்கா பேசுவாள். உண்மையில் என்ன நடந்தது என்பது பக்கத்தில் வாயை மூடி உட்கார்ந்திருப்பவருக்குத்தான் தெரியும். அதனால்தான் அந்த விதி. எனக்கு நடந்த பிரிவுபசார விருந்தில்கூட அதை யாரோ பாராட்டிப் பேசினார்கள். நான் அதை வீட்டுக்கு எடுத்து வரவில்லை. அலுவலகப் பொருள்களை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது என்று வேறொரு விதி இருந்தது.

ஒரு வைகாசியில் என் மனைவிக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் ஓரளவு திரும்பின. பேச்சு திரும்பவில்லை. நாம் சொல்வது அவளுக்கு முழுக்கப் புரியும். பதிலும் உள்ளே இருக்கும். உதடுவரை வந்து, அங்கே வழி தெரியாமல் நின்றுவிடும். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. சிங்கப்பூரின் பூன் லே வட்டாரத்து வீட்டில் நாங்கள் இரண்டே பேர். அதில் ஒருவர் குரல் நின்றுபோனால் வீடு எப்படி இருக்கும் என்பதை விளக்கத் தேவையில்லை. அவள் மறுபடி பேச வேண்டும். அந்த ஆண்டு எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

கடவுள் விஷயத்தில் என் நிலை வெகுகாலமாக “பரிசீலனையில் உள்ளது” என்பதுதான். கோயிலுக்குப் போவது அவள் வேலை. வெள்ளிக்கிழமைகளில் ரயிலேறி, ஊட்ரம் பார்க்கில் மாறி, தேக்காச் சந்தையில் பூ வாங்கிக்கொண்டு அம்மன் கோயிலுக்குப் போய் வருவாள். நான் வீட்டில் உட்கார்ந்து தமிழ்ப் பத்திரிகையில் சந்திப்பிழை தேடிக்கொண்டிருப்பேன். அவளால் போக முடியாமல் ஆனபோது அவளுக்குப் பதிலாக நான் போகத் தொடங்கினேன். அதைப் பக்தி என்று சொன்னால் பொய். மருத்துவர், சிறப்பு மருத்துவர், இரண்டாம் கருத்து என்று எல்லா மேசைகளுக்கும் போயாகிவிட்டது. இந்த ஒரு மேசை பாக்கி இருந்தது. விடுபட்டதென்று நாளைக்கு யாரும் சொல்லக் கூடாது.

பேச்சுப் பயிற்சி கொடுத்தவர் ஒரு தமிழ்ப் பெண். நல்ல கலகலப்பு. ஒரு படத்தை எடுத்துக் காட்டி, “ஆன்ட்டி, இது என்னா?” என்றார். என் மனைவியின் உதடு குவிந்தது.

“கோப்பை,” என்றேன் நான்.

“அங்கிள், நான் ஆன்ட்டிய கேட்டேன் லா.”

“அவள் அதைத்தான் சொல்ல வந்தாள்.”

“கப்புன்னு சொல்ல வந்திருக்கலாம்ல?”

“கோப்பை என்பதுதான் சரி.”

அந்தப் பெண் சிரித்துவிட்டு என் மனைவியைப் பார்த்து, “ஆன்ட்டி, வீட்லயும் இப்படித்தானா?” என்றார். என் மனைவி இடது கையை நெற்றியில் வைத்துக்கொண்டாள். அதை வழக்கமான சைகை என்று எடுத்துக்கொண்டேன். “கேளுங்க, அப்புறம் வெயிட் பண்ணுங்க அங்கிள். எவ்ளோ நேரமானாலும் பரவால்ல. சைலன்ஸ நீங்க ஃபில் பண்ணாதீங்க,” என்றார் அந்தப் பெண். நான் தலையாட்டினேன். ஆலோசனைகளைக் குறித்துக்கொள்வதிலும் அவற்றைப் பின்பற்றாமல் இருப்பதிலும் எனக்கு நீண்ட அனுபவம் உண்டு.

ஆடி முடிந்து கூட்டம் வடிந்திருந்த ஒரு வெள்ளிக்கிழமை. நடை சாத்துகிற நேரத்துக்குச் சற்று முன் அர்ச்சனைத் தட்டோடு வரிசையில் நின்றேன். என் முறை வந்ததும் குருக்கள், “பேரு, நட்சத்திரம்?” என்றார். மனைவியின் பெயர், நட்சத்திரம், ராசி மூன்றையும் தெளிவாகச் சொன்னேன். அவர் உள்ளே போய் மந்திரம் சொன்னார். சித்திரை என்று நான் சொன்ன நட்சத்திரம் சுவாதி என்று என் காதில் விழுந்தது. தீபாராதனைத் தட்டுடன் அவர் வெளியே வந்தபோது நான் கை நீட்டவில்லை.

“நட்சத்திரம் மாறிவிட்டது. சுவாதி என்றீர்கள். சித்திரை.”

“அம்பாளுக்குத் தெரியும் சார், யாருன்னு.”

“அம்பாளுக்குத் தெரியும் என்றால் என்னிடம் எதற்குக் கேட்டீர்கள்?”

நல்ல பதில் என்று நினைத்துக்கொண்டேன். குருக்கள் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு திரும்பி உள்ளே போய் முதலிலிருந்து செய்தார். நான் ஒவ்வொரு சொல்லாகக் கேட்டுச் சரிபார்த்தேன். இம்முறை சித்திரை. தீபத்தைத் தொட்டு ஒற்றிக்கொண்டு நகர்ந்தேன். எனக்குப் பின்னால் திரை இழுபடும் வளையச் சத்தம் கேட்டது. நடை சாத்தியாகிவிட்டது.

எனக்கு அடுத்து நின்றிருந்தவள் நாற்பது வயது இருக்கக்கூடிய ஒரு பெண். கழுத்தில் அலுவலக அட்டை தொங்கியது. கையில் ஓர் எலுமிச்சம்பழம் மட்டும். மூடிய திரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“என்ன அங்கிள் இது?” என்றாள் என்னிடம். குரல் உடைந்திருந்தது. “ஒன் மினிட் தான் லா கேட்டேன் நான். அதையும் நீங்களே எடுத்துக்கிட்டீங்க.”

சாயங்காலம் மறுபடி திறக்கும் என்று சொன்னேன். நேரமும் சொன்னேன். தகவல் சரியானது.

“என் வீட்டுக்காரரு இப்ப ஆப்பரேஷன் தியேட்டர்ல இருக்காரு. சாயந்தரம் வந்து நான் என்ன கேக்கறது?”

அவள் புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, அதுதான் என்னால் இன்றுவரை தாங்க முடியாதது, கோபத்தை அப்படியே கீழே வைத்துவிட்டு, “நீங்க யாருக்கு வேண்டிக்கிட்டீங்க?” என்று கேட்டாள்.

“என் மனைவிக்கு. பேச்சு போய்விட்டது.”

“ஐயோ. பேரு என்னா?”

பெயர் சொன்னேன். கூடவே நட்சத்திரமும் ராசியும் சொன்னேன். அவள் உதடசைத்து ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். “நான் ஆன்ட்டிக்கு வேண்டிக்கிறேன். நீங்க எங்க வீட்டுக்காரருக்கு வேண்டிக்குங்க. நீங்க இப்பத்தானே சாமிய பாத்திருக்கீங்க, உங்க கண்ணுலயே நிப்பாங்க.” கைப்பேசி அடித்தது, டாக்சி வந்துவிட்டது. எலுமிச்சம்பழத்தை மூடிய திரைக்கு முன்னால் படியில் வைத்துவிட்டு ஓடினாள்.

நான் கண்ணை மூடிப் பார்த்தேன். அம்மன் முகம் வரவில்லை. நான் பார்த்தது குருக்களின் வாயை மட்டுந்தான்.

அவள் கணவர் பெயரைக் கேட்கவில்லை என்பது ரயிலில்தான் உறைத்தது. அவள் பெயரையும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் இதையெல்லாம் சொன்னேன். சொன்ன விதம் முக்கியம். குருக்களை நான் மடக்கியதை நடித்துக் காட்டினேன். அந்தப் பெண்ணை ஒரு பின்குறிப்பு மாதிரி சேர்த்துக்கொண்டேன். மனைவி என்னையே பார்த்தாள். வாய் திறந்தது. நெற்றியில் சுருக்கம் விழ, ஏதோ ஒன்றை எங்கிருந்தோ இழுத்து வருவது தெரிந்தது.

“அந்தப் பெண்ணின் பெயர் கேட்கிறாயா? தெரியாது. ஆப்பரேஷன் எப்படி ஆயிற்று என்கிறாயா? அதுவும் தெரியாது,” என்றேன்.

அவள் வாய் மூடியது. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அன்று இரவு நான் வைத்த கஞ்சியை என் கையால் வாங்கிக்கொள்ளவில்லை. கரண்டியை இடது கையில் பிடித்து, பாதியைச் சிந்தி, தானே குடித்தாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை போனேன். வரிசையில் எல்லோரையும் முன்னால் விட்டுவிட்டுக் கடைசியாக நின்றேன். இதையும் பணிவு என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். பின்னால் இன்னொரு ஆள் நிற்பதை என்னால் தாங்க முடியவில்லை. அதே குருக்கள்.

“பேரு?”

“தெரியாது.”

“நட்சத்திரம்?”

“தெரியாது.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். என்னை அடையாளம் தெரிந்தது. ஒரு வார்த்தை குத்திக் காட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். “அப்போ ஸ்வாமி பேருக்கே பண்ணிடறேன்,” என்று தட்டை வாங்கிக்கொண்டார்.

யார் பேருக்கும் இல்லாமல் சாமியின் பேருக்கே அர்ச்சனை செய்வது எங்கள் வழக்கத்தில் உண்டு. விவரம் எதுவும் கேட்கமாட்டார்கள். அந்த வழக்கத்தை நான் பாதி கேலியோடுதான் பார்த்திருக்கிறேன்: விண்ணப்பதாரர் யார் என்றே இல்லாத மனு. இப்போது அப்படியொரு மனுவோடு நானே நின்றேன். சரிபார்க்க ஒன்றும் இல்லாததால் கண்ணை வேறெங்கும் வைக்க முடியவில்லை. அம்மனைப் பார்த்தேன். எத்தனையோ வாரம் அதே இடத்தில் நின்றிருந்தும், மூக்குத்தி எந்தப் பக்கம் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. “அந்தப் பெண்ணோட வீட்டுக்காரர்,” என்று மனதுக்குள் சொன்னேன். அதற்கு மேல் வாக்கியம் வரவில்லை. இப்படிப் பாதி விவரத்தோடு வந்த மனுக்களை என் மேசையிலிருந்து நான் திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்தவன். மனைவிக்காக அன்று எதுவும் கேட்கவில்லை. கேட்க வாய் வரவில்லை என்பதுதான் சரி.

அதற்குப் பிறகும் வாராவாரம் போனேன். அந்தப் பெண்ணைத் தேடினேன் என்றும் சொல்லலாம். கழுத்தில் அட்டை தொங்குகிற ஒவ்வொரு பெண்ணையும் பார்த்தேன். அவள் வரவேயில்லை. சாமி பேருக்கு அர்ச்சனை, அந்தப் பெண்ணின் வீட்டுக்காரர், கடைசி இடம், ரயில். ஏளனம் வராமல் இல்லை. பதில் வராத மனுவுக்கு நினைவூட்டல் அனுப்புகிற ஆள்களை நான் என்ன சொல்லிச் சிரித்திருப்பேன் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் போனேன். போகாவிட்டால் அன்றைய நாள் உடம்பில் ஒட்டவில்லை.

பயிற்சிக்கும் போய்க்கொண்டிருந்தோம். ஒருநாள் பயிற்சி கொடுக்கும் பெண் பொறுமை இழந்து, “அங்கிள், இன்னிக்கு நீங்க வெளிய உக்காருங்க, ப்ளீஸ்,” என்றார். கண்ணாடிக்கு வெளியே உட்கார்ந்தேன். உள்ளே படத்தைக் காட்டினார், காத்திருந்தார். என் மனைவியின் உதடு அசைந்தது, நின்றது, மறுபடி அசைந்தது. அந்தப் பெண் கையைக் கட்டிக்கொண்டு, முகத்தில் சிரிப்பு மாறாமல், வேறு வேலையே இல்லாதவர் போல உட்கார்ந்திருந்தார். என்னால் அப்படி யாருக்காகவும் உட்கார முடிந்ததில்லை. கடைசியில் என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. ஆனால் ஏதோ சொன்னாள். அந்தப் பெண் மேசையைத் தட்டிச் சிரித்தார். வெளியே வந்ததும், “என்ன சொன்னாள்?” என்று கேட்டேன்.

“ஆன்ட்டிகிட்ட கேளுங்க.”

கேட்டேன். காத்திருந்தேன். பேருந்து நிறுத்தம்வரை காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. இவ்வளவு நாளாக வராமல் இருந்ததா, இல்லை வந்த ஒவ்வொரு தடவையும் வாசலில் நான் நின்றுகொண்டிருந்தேனா? இதைக் கேட்டுக்கொள்ள எனக்குக் கூச்சமாக இருந்தது. பக்கத்தில் சக்கர நாற்காலியில் அதற்குப் பதில் தெரிந்தவள் உட்கார்ந்திருந்தாள்.

பொங்கல் முடிந்ததும் அவளையே கோயிலுக்கு அழைத்துப் போனேன். வாசலில் சக்கரங்களை ஈரத்துணியால் துடைத்துவிட்டு உள்ளே தள்ளிக்கொண்டு போனேன். கடைசியில் நின்றுகொள்ளலாம் என்றுதான் இருந்தேன். சக்கர நாற்காலியைப் பார்த்ததும் எல்லோரும் விலகி முன்னால் விட்டார்கள். பின்னால் வரிசை நீண்டது. அதே குருக்கள். அவளைப் பார்த்ததும் பல வருடம் வந்தவளை அடையாளம் கண்டு முகம் மலர்ந்தார். குனிந்து அவளிடமே கேட்டார்.

“வாங்கோம்மா. யார் பேருக்குப் பண்ணட்டும்?”

எனக்கு எல்லாம் நாக்கு நுனியில் இருந்தது. பெயர், நட்சத்திரம், ராசி. அது வேண்டாமென்றால் சாமி பேருக்கு. பல்லைக் கடித்துக்கொண்டு நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். பின்னால் யாரோ இருமினார்கள். ஒரு குழந்தை, “போலாமா?” என்றது. குருக்கள் நிமிரவில்லை. அவள் உதடு குவிந்து, விரிந்து, தோற்று, மறுபடி குவிந்தது. நான் அம்மனைப் பார்த்தேன். கேட்டேன் என்று சொல்ல முடியாது. வாயை மூடிக்கொண்டிருக்கத் தெம்பு கொடு என்பது ஒரு வேண்டுதல் என்றால், கேட்டேன்.

“அந்த,” என்றாள். மூச்சு வாங்கினாள். “பொண்ணு.”

குருக்களுக்குப் புரியவில்லை. “எந்தப் பொண்ணும்மா?”

எனக்குப் புரிந்தது. சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்ட அந்த நாளிலிருந்து அவள் சொல்லக் காத்திருந்தது அதுதான். திரும்பி வர வேண்டுமென்று நான் கேட்டுக்கொண்டிருந்த குரல், வந்ததும் வராததுமாக, பெயர் தெரியாத வேறொருத்தியின் வரிசையில் போய் நின்றுகொண்டது. விளக்கம் சொல்ல நான் வாயைத் திறந்தேன். அவள் இடது கையைத் தூக்கி என் மணிக்கட்டின் மேல் வைத்தாள். மூடிக்கொண்டேன்.

“சரிம்மா,” என்றார் குருக்கள். “அம்பாளுக்குத் தெரியும்.”

தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். என்ன சொல்லி அர்ச்சனை செய்தார் என்று நான் கவனிக்கவில்லை.

அன்று தை மாதத்து இரண்டாம் வெள்ளிக்கிழமை.