தாய்மாமன் படுதா

என் வீட்டுக்காரர் என்னைப் பெண் பார்க்க வந்த அன்று, தட்டில் வைத்த பஜ்ஜி ஆறுவதற்குள் சரி என்று சொல்லிவிட்டார். அதே மனிதர் பிக்கப் வண்டிக்கு ஒரு படுதா தேர்ந்தெடுக்க ஒரு மாதத்துக்கு மேல் எடுத்துக்கொண்டார். எதில் அவசரப்படலாம், எதில் கூடாது என்று அவருக்குள் ஒரு கணக்கு இருந்திருக்கிறது. அதை நான் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. சில விஷயங்களைத் தெரிந்துகொள்ளாமல் இருந்தால்தான் குடும்பம் ஓடும்.

எங்கள் ஊர் திண்டுக்கல்லிலிருந்து வேடசந்தூர் போகிற பக்கம். ஊர்க்காரர்களின் காய்கறியை ஏற்றிக்கொண்டு ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போவதும் வருவதும்தான் அவருக்குத் தொழில். வண்டியின் பின்பக்கம் திறந்த தொட்டி. தூறல் போட்டால் உரச் சாக்குகளைப் பிரித்துத் தைத்த ஒரு மூடாக்கைப் போட்டுக் கட்டுவார். முருங்கைக்காயும் சுரைக்காயும் அதைப் பற்றி ஒருநாளும் குறை சொன்னதில்லை. சீர் கொண்டு போக வேண்டும் என்று வந்தபோதுதான் பிரச்சினை வந்தது.

அவருக்கு ஒரே தங்கை. பழனிக்குப் பக்கத்தில் நெய்க்காரப்பட்டியில் கட்டிக்கொடுத்திருக்கிறது. கல்யாணம் பேசி முடித்த சமயத்தில் என் மாமனார் தவறிப்போனதால், அந்தப் பெண்ணைச் சீர் செனத்தி இல்லாமல்தான் அனுப்பி வைத்தார்கள். அவள் மாமியார் கெட்டவர் இல்லை. வயிறு நிறையச் சோறு போடுவார், காய்ச்சல் என்றால் கஷாயம் வைத்துக் கொடுப்பார். ஆனால் வீட்டுக்கு யாராவது விருந்தாளி வந்துவிட்டால் போதும், "கட்டுன சேலையோட வந்த புள்ளைங்க, நாங்கதான் வெச்சுப் பாத்துக்கறோம்" என்று மருமகளைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டே சொல்வார். ஏதோ விருது கொடுக்கிற மாதிரி இருக்கும். என் நாத்தனார் காப்பித் தட்டை நீட்டிக்கொண்டு சிரித்த முகமாக நிற்பாள். அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டு வருகிற ஒவ்வொரு முறையும் என் வீட்டுக்காரர் பஸ்ஸில் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்து வருவார்.

இப்போது அவள் மகள் பெரிய மனுஷியாகி, மண்டபத்தில் சடங்கு வைத்திருந்தார்கள். தாய்மாமன் சீர் போக வேண்டும். நாத்தனார் போனில் கூப்பிட்டாள்.

"அண்ணே, பெருசா ஒன்னும் வேணாம். கொண்டு வாரத ஊரு பாக்குற மாதிரி கொண்டா. அம்புட்டுத்தான்."

போனை வைத்துவிட்டு என் வீட்டுக்காரர் வெகுநேரம் வானத்தைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "சடங்கு ஐப்பசி மாசம். மழை பிடிச்சுக்கிரும். நல்ல படுதா ஒன்னு வேணும்."

தங்கை சொன்னது ஒன்று, இவர் காதில் விழுந்தது ஒன்று. ஆனால் அன்றைக்கு அது எனக்கும் உறைக்கவில்லை. மழை என்றால் படுதா, நியாயமான பேச்சு என்றுதான் நினைத்தேன்.

அடுத்த நாளிலிருந்து ஊரில் வண்டி வைத்திருப்பவர்கள், வைத்திருந்தவர்கள், வைக்க நினைத்துக் கைவிட்டவர்கள் எல்லோரும் எங்கள் வீட்டுக்கு ஆலோசகர்கள் ஆனார்கள். நீலப் பிளாஸ்டிக் தார்ப்பாய் போதும், கை வலிக்காமல் மடிக்கலாம் என்றார் ஒருவர். அது ஒரு கோடை தாங்காது, கித்தான்தான் படுதா, மற்றதெல்லாம் கோவணம் என்றார் இன்னொருவர். டவுனில் வாத்தியாராக இருக்கிற என் அண்ணன், கம்பியை வளைத்துக் கூண்டு அடித்து அதற்கு மேல் போட வேண்டும் என்று பேப்பரில் படம் வரைந்து காட்டினார். பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான் என்பார்கள். என் வீட்டுக்காரர் போகிற வழியிலெல்லாம் நின்று, அடுத்தவர் வண்டிப் படுதாவைக் கையால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு இடத்தில் திருடன் என்று நினைத்து விசாரித்திருக்கிறார்கள்.

கடையில் மாதிரித் துண்டுகள் வாங்கி வந்து வீட்டில் சோதனை நடந்தது. நான் முற்றத்தில் உட்கார்ந்து துண்டைத் தலைக்கு மேல் பிடித்துக்கொள்ள வேண்டும். அவர் குடத்துத் தண்ணீரை ஊற்றுவார். என் தலை நனைந்தால் அந்தத் துணி தள்ளுபடி. தலை காய்ந்திருந்தால் அதற்கு இன்னொரு குடம். அந்த மாதம் நான் குளித்ததை விட நனைந்ததே அதிகம்.

"ஏங்க, அந்த நீலத்தையே வாங்கித் தொலைங்க. சீரு ஒரு நாள் சோலி" என்று ஒரு கட்டத்தில் கத்திவிட்டேன்.

"ஒரு நாள்தான். அந்த ஒரு நாள்ல ஒரு சொட்டு எறங்குனா, நனைஞ்ச சீருன்னு காலத்துக்கும் சொல்லுவாக" என்றார்.

இன்னொரு குடம் ஊற்றச் சொன்னேன்.

கடைசியில் பேகம்பூரில் படுதா தைக்கிற ஒரு பாயிடம் போய்ச் சேர்ந்தோம். அவர் வண்டியைச் சுற்றி டேப் பிடித்துக்கொண்டே, "என்ன லோடுண்ணே அடிப்பீங்க?" என்று கேட்டார்.

"தங்கச்சி மகளுக்குச் சீரு."

"சீரா? அப்ப பொத்திக் கொண்டு போகணுமே. நாலு பக்கமும் மடக்கு வச்சுத் தைச்சுத் தாரேன். காத்து வேணா உள்ள போகும், கண்ணு போகாது" என்றார் பாய்.

என் வீட்டுக்காரர் முகம் மலர்ந்துவிட்டது. நிறம் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்டார். நான் பேசுவதற்குள், "கலர யாரு பாக்கப் போறா" என்று அவரே முடித்துக்கொண்டார். கரும்பச்சைக் கித்தான், ஓரமெல்லாம் பித்தளை வளையம், இரட்டைத் தையல். உண்மையைச் சொன்னால் அருமையான படுதா. வண்டியில் ஏற்றியதும் வண்டியே குனிந்து மரியாதை செய்தது.

சடங்கு நாள் காலையில் சீரை ஏற்றினோம். பட்டுச்சேலை, வளையல், பழவகை, பலகாரம், பித்தளைக் குடம், குத்துவிளக்கு எல்லாம் தாம்பாளத்தில் அடுக்கி, கடைசியில் பலகை வைத்துத் தடுத்து, அய்யலூர் சந்தையில் பிடித்த கிடாயைக் கட்டினோம். கிடாய் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, திருப்தியில்லாமல் கத்த ஆரம்பித்தது. மேலே படுதா. வளையத்துக்கு வளையம் கயிறு கொடுத்து, முடிச்சுக்கு மேல் முடிச்சாக அவரே இறுக்கினார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். முழுச் சீரையும் அப்படி மறைத்தவர் என் வீட்டுக்காரர் ஒருவர்தான்.

சொந்தக்காரர்கள் ஒரு வேனில் பின்னால் வந்தார்கள். ஒட்டன்சத்திரத்தில் டீ குடிக்க வேன் நின்றுவிட்டது. மேகம் திரண்டிருந்ததால் இவர் நிற்கவில்லை.

நெய்க்காரப்பட்டி நுழைவில் மேளக்காரர்கள் சீரை எதிர்பார்த்து நின்றுகொண்டிருந்தார்கள். எங்கள் வண்டியைக் கண்டதும் அவர்கள் அடிக்கத் தொடங்குவார்கள் என்று இவர் வேகத்தைக் குறைத்தார். நாலு பக்கமும் மூடிய வண்டி, உள்ளே கிடாய்ச் சத்தம். மேளக்காரர் ஒருவர் கையை வீசி, "போங்க போங்க, ஓரமா போங்க. தாய்மாமன் சீரு வர்ற நேரமுங்க" என்று வழி காட்டினார்.

"எறங்கிச் சொல்லுங்க" என்றேன்.

"நாந்தான் தாய்மாமன்னு நானே போயிச் சொல்லணுமாக்கும்" என்று ரோஷத்தோடு வண்டியை விட்டார். சீர், மேளம் இல்லாமல் ஊருக்குள் போனது.

மண்டப வாசலில் நாத்தனாரின் மாமியார், உறவுக்காரப் பெண்கள் சூழ, நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். சீர் வரிசையைப் பார்ப்பதற்கென்றே போட்ட நாற்காலி அது. பின்னால் நாத்தனார் ஆரத்தித் தட்டோடு நின்றாள். வண்டி நின்றதும் மாமியார் உட்கார்ந்தபடியே குரல் கொடுத்தார்: "ஏனுங், ஆட்டு வண்டிங்களா? சமையக்கட்டு பின்னால இருக்குது. அப்படிக்கா போயிருங்க."

நாத்தனார் முகம் சுண்டிப்போனது. அவளுக்கு அண்ணன் வண்டி தெரியாதா? பக்கத்திலிருந்த பெண்கள் யாரோ சிரித்தார்கள். சரியாக அந்த நேரம் பார்த்துத் தூறல் விழுந்தது. என் வீட்டுக்காரர் இறங்கி, படுதாவின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவிழ்த்தால் பட்டு நனையும், அவிழ்க்காவிட்டால் இவர் ஆட்டு வியாபாரி. அவரைப் பார்க்க எனக்கு ஆத்திரமும் வந்தது, அழுகையும் வந்தது.

நாத்தனார் ஆரத்தித் தட்டைக் கீழே வைத்துவிட்டு மழையில் இறங்கி வந்தாள்.

"படுதாவ எடுண்ணே."

"நனைஞ்சுரும்த்தா."

"நனையட்டும். எம்புட்டு வருசமாக் காத்துக் கெடக்கேன். எடு."

அவளே கயிற்றைப் பிடித்து இழுத்தாள். நனைந்த முடிச்சு அசையவில்லை. இவர் முடிச்சு இவருக்குத்தான் அவிழும். ஒவ்வொன்றாக அவிழ்த்தார். படுதா விலகியதும் தாம்பாளங்களும் விளக்கும் குடமும் பளிச்சென்று வெளியே தெரிந்தன. கிடாய் கூடக் கத்துவதை நிறுத்தியது. அதற்குள் வேன் வந்துவிட்டது. எங்கள் ஆட்கள் குதித்திறங்கி, படுதாவின் நாலு மூலையையும் பிடித்துத் தலைக்கு மேல் தூக்கினார்கள். பெண்கள் அதனடியில் தாம்பாளம் ஏந்தி வரிசையாக நடந்தோம். தங்கள் தவறு புரிந்த மேளக்காரர்கள், செய்த பாவத்துக்கும் சேர்த்து அடித்துக்கொண்டு ஓடி வந்தார்கள்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று நினைத்தேன். மண்டபத்துக்குள் போனதும் படுதாவை உதறி மடித்து, தாம்பாளங்கள் இருந்த ஜமுக்காளத்தின் ஓரத்திலேயே வைத்துவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் சீர்ப் பொருள் ஒவ்வொன்றுக்கும் சபையில் சந்தனம் குங்குமம் வைப்பது வழக்கம். பொட்டு வைத்துவிட்டால் அது பெண்ணுக்குச் சொந்தம், திரும்ப எடுத்துக்கொள்ளும் பேச்சே கிடையாது. பொட்டு வைத்தது எங்கள் சின்ன அத்தை. பார்வை கொஞ்சம் மட்டு. சேலை, வளையல், குடம், விளக்கு என்று வரிசையாக வந்தவர், அதே வேகத்தில் படுதாவுக்கும் தாராளமாக வைத்துவிட்டார். மைக்கில் ஒருவர் வாசித்துக்கொண்டே வந்தார். "தாய்மாமன் சீர், குத்துவிளக்கு ஒரு ஜோடி. தாய்மாமன் சீர்..." கொஞ்சம் தயங்கினார். "படுதா ஒன்று."

என் வீட்டுக்காரர் பாதி எழுந்தார். எனக்கு எங்கே வாயைத் திறந்துவிடுவாரோ என்று பயம்.

மாமியார் எழுந்து வந்தார். பட்டுச்சேலையைத் தாண்டினார், விளக்கைத் தாண்டினார். படுதாவின் ஓரத்தை விரலிடுக்கில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார். வளையத்தைச் சுண்டினார். ஒரு மாதமாக என் வீட்டுக்காரர் கடை கடையாகச் செய்தது அதேதான்.

"ஏனுங் தம்பி, மக்காச்சோளம் காயப்போட நாங்க படற பாடு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுதுங்க? நல்லா ரோசனை பண்ணிக் கொண்டாந்திருக்கறீங்க" என்றார்.

நாத்தனார் அண்ணனையே பார்த்தாள். அந்தப் படுதாவின் கதை முழுக்க, தையல் வரைக்கும், போனில் கேட்டவள் அவள். வேண்டாம், எடுத்துக்கொள் என்று சொல்ல வாயெடுத்தாள்.

"அதுக்குத்தானுங்க கொண்டாந்தேன்" என்றார் என் வீட்டுக்காரர். அவசரத்தில் அவர்கள் ஊர்ப் பேச்சே வந்துவிட்டது.

மாமியார் பக்கத்துப் பெண்ணிடம் திரும்பி, படுதாவைத் தட்டிக் காட்டினார். "எங்க மருமக பொறந்த ஊட்டுச் சீருங்க" என்றார். நாத்தனார் காதில் விழுந்தது. அவள் சிரித்தாள். காப்பித் தட்டோடு நிற்கும்போது சிரிக்கிற சிரிப்பு இல்லை அது.

திரும்பி வரும்போது ஒட்டன்சத்திரம் தாண்டியதும் மழை கொட்டியது. திறந்த தொட்டியில் கிடாய் கட்டிய கயிறும் தடுப்புப் பலகையும் நனைந்துகொண்டு வந்தன.

"அந்தப் பாய் கடையில நீலத்துல ஒன்னு கெடந்துச்சே, இருக்குமா?" என்றார்.

"இருக்கும். ஒரு மாசம் யோசிச்சு வாங்குவோம்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. கண்ணாடியில் படிந்த ஆவியைத் துண்டால் துடைத்தார். பிறகு ரோட்டைப் பார்த்தபடியே கேட்டார்:

"கட்டுன சேலையோட வந்த புள்ளைன்னு இனிமே சொல்ல மாட்டாகள்ல?"

"சொல்ல மாட்டாக" என்றேன்.

தலையை ஆட்டினார். வீடு வந்து சேரும்வரை, வண்டி நனைகிறதே என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.