திரும்பி வந்த சேலை

கொழும்பு கொட்டாஞ்சேனையில் உள்ள என் அச்சகத்துக்கு அந்தச் சேலை திரும்பி வந்தபோது, சுற்றியிருந்த பொன்னிறத் தாள்கூடப் பிரிக்கப்படவில்லை. தீபாவளிக்கு எங்கள் வாடிக்கையாளர் எல்லோருக்கும் இனிப்புப் பெட்டி அனுப்புவோம். பெரிய ஓடர்கள் தரும் ஒரு ஹோட்டலின் கொள்வனவு அதிகாரியான பெண்மணிக்கு மட்டும் அந்த வருடம் ஒரு பட்டுச் சேலையும் அனுப்பியிருந்தேன். “அன்புக்கு நன்றி. இதை நான் வாங்கக் கூடாது” என்று எழுதிக் கையொப்பமிட்டுத் திருப்பி அனுப்பியிருந்தார்.

கடையில் திருப்பி எடுக்க மாட்டார்கள். மனைவிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அச்சகத்தின் கணக்குகளை எழுத ஒரு பெண்மணி பாமன்கடையிலிருந்து வாரத்தில் மூன்று நாள் பஸ்ஸில் வருவார். எல்லோருக்கும் அவர் கணக்கு மிஸ். சேலையின் பில்லை அந்த அதிகாரியின் பெயரில் அன்பளிப்புச் செலவாக ஏற்கெனவே பதிந்திருந்தார்.

“அது அப்பிடியே கிடக்கட்டும் மிஸ். செலவு செலவுதானே” என்றேன்.

அவர் பேனையை மூடி வைத்தார். “சேர், சாறி உங்கட வீட்டில இருக்கு. அவ வாங்கினதா நான் எப்பிடி எழுதி வைக்கிறது?”

“ஆர் இதைப் பாக்கப் போகினம்?”

“ஒருத்தரும் பாக்காட்டியும் அவவின்ர பேரெல்லோ அதில கிடக்கு.”

எனக்குக் கோபம்தான். அவர் பதிவைத் திருத்தி, விலையை நான் சொந்தச் செலவுக்கு எடுத்த பணமாகக் காட்டினார். சேலை திரும்பிய திகதியை எழுதி, அந்தக் கடிதத்தையும் பில்லோடு சேர்த்துக் கோப்பில் வைத்தார்.

அடுத்த வருடம் ஹோட்டலிலிருந்து இருவர் விசாரிக்க வந்தார்கள். அந்த அதிகாரி எங்களிடம் பட்டுச் சேலை வாங்கிக்கொண்டு ஓடர் தந்ததாக யாரோ மொட்டைக் கடிதம் போட்டிருந்தார்கள். அவரை வேலையிலிருந்து இடைநிறுத்தியிருந்தார்கள். மிஸ் கோப்பை எடுத்து, பில்லையும் கடிதத்தையும் திருத்திய பதிவையும் அவர்கள் முன் வைத்தார். பிரதி எடுத்துக்கொண்டு போனார்கள்.

சில நாட்களில் அந்த அதிகாரி தொலைபேசியில் அழைத்தார். மீண்டும் வேலைக்குப் போகிறாராம்; நன்றி சொன்னார். அந்த நன்றியைக் கேட்டுக்கொள்ள எனக்கு முகமில்லை. போனை மிஸ்ஸிடம் நீட்டினேன்.

“நீங்கள் திருப்பி அனுப்பினனீங்கள், நான் எழுதினனான். வேற ஒண்டுமில்லை” என்றார் மிஸ். நான் முதலில் என்ன சொன்னேன் என்பதை அந்த அதிகாரியிடம் அவர் சொல்லவில்லை. என்னிடமும் ஒருநாளும் அதை நினைவுபடுத்தியதில்லை.

மிஸ் ஓய்வு பெற்றுவிட்டார். கணக்கெல்லாம் இப்போது கணினியில். அன்பளிப்புகளை மட்டும் நானே பதிகிறேன்: யாருக்கு, எதற்காக, அவர் பெற்றுக்கொண்டாரா. அன்று என் சொல் நடந்திருந்தால், நேர்மையான ஒருவரின் வேலை என் கணக்குப் புத்தகத்தாலேயே போயிருக்கும். அது எனக்கும் மிஸ்ஸுக்கும் மட்டும்தான் தெரியும்.