மாட்டுத் தொகை சொல்ல மைசூருக்கு

ஹனூரில் காலை முதல் பஸ்ஸைப் பிடித்தோம். கொள்ளேகாலுக்குப் பதினைந்து மைல். அங்கே வண்டி மாறினால் மைசூர் இன்னும் நாற்பது மைல் இருக்கும். வழியெல்லாம் கரும்பும் நெல்லும் பச்சென்று நின்றன. எனக்கு எதையும் ரசிக்கத் தோன்றவில்லை.

கொள்ளேகால் தாலுகா கோயமுத்தூர் ஜில்லாவை விட்டு மைசூரோடு சேர்ந்து சில மாதங்களே ஆகியிருந்தன. காட்டோரத்துத் தமிழ்க் கிராமங்களிடம், கோயமுத்தூரில் வாங்கிய மேய்ச்சல் சீட்டு இனிச் செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். ஊரில் மாடு எத்தனை, எது யாருடையது என்று மைசூருக்கு நேரில் வந்து சொன்னால்தான் புதுச் சீட்டு. சீட்டில்லாத மாடு காட்டுக்குள் கால் வைத்தால், பிடிபட்ட மாடுகளை வைக்கும் பவுண்டில் அடைத்துவிடுவார்கள். காட்டை நம்பிப் பிழைக்கிறவர்களை ஒரு வார்த்தை கேட்காமல் போட்ட உத்தரவு என்று, ஈரோட்டிலிருந்து எங்கள் விவசாயிகள் சங்கம் என்னை அனுப்பியிருந்தது. ஊர் ஊராகக் கூட்டம் போட்டு, "யாரும் கெஞ்சக் கூடாது, உரிமையைக் கேட்க வேண்டும்" என்று தொண்டை கட்டும்வரை பேசியிருந்தேன். கூட்டத்தில் பேசுவது சுலபம்.

என்னோடு ஒரு ஊரிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ஊருக்காகப் பேச வேண்டியவர் பெருமாள் கவுண்டர். இன்னொருத்தி மாராயி, ஊர் மாடுகளைக் காட்டுக்கு ஓட்டிப்போய் மேய்த்துவிட்டு வருகிறவள். புருஷன் இல்லை, பிள்ளைகளும் இல்லை.

"பவுண்டுல அடைச்சா யாருங்க தம்பி பால் கறப்பாங்க? மடி கட்டிக்குமுங்களே" என்றாள் மாராயி.

"அப்படி நடக்காமல் இருக்கத்தானே போகிறோம்" என்றேன். என் குரலில் எனக்கே நம்பிக்கை இல்லை.

பத்து மணிக்கு மைசூர். அகலமான சாலைகள், மார்க்கெட்டுப் பக்கம் மல்லிகை வாசனை. ஜட்காக்காரர் எட்டணா கேட்டு ஆறணாவுக்கு ஒப்புக்கொண்டார். "அரமனே நோட்த்தீரா, சுவாமி?" என்று அரண்மனை பார்க்க ஆசை காட்டினார். முதலில் காட்டிலாகா ஆபீஸைப் பார்க்கிறோம் என்றேன். கவுண்டர் வழி நெடுக வாய்க்குள் எதையோ சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தார்.

நான் சண்டைக்கு முண்டா தட்டிக்கொண்டு போயிருந்தேன். அதிகாரியோ எங்களுக்கு நாற்காலி போடச் சொன்னார். உத்தரவே அநியாயம் என்று எனக்குத் தெரிந்த கன்னடத்தில் சொன்னேன். அதை மாற்றுவது பெங்களூரில் உள்ளவர்கள் கையில், மாட்டுக்குச் சீட்டுப் போடுவது மட்டும்தான் தன் கையில் என்றார். பக்கத்தில் இருந்த குமாஸ்தாவுக்கு மேலுகோட்டை பூர்வீகம், தமிழர். பேனாவைத் திறந்துகொண்டு கவுண்டரைப் பார்த்தார்.

"எஷ்டு மாடு இருக்குன்னு சாஹேபர் கேக்கறார். சொல்லுங்கோ."

கவுண்டர் துண்டைச் சரிசெய்துகொண்டு, "ஏதோ நாலஞ்சு கெடக்குதுங்க சாமி" என்றார்.

எனக்கு உயிரே போய்விட்டது. எங்கள் கொங்குப் பக்கத்தில் யாரும் மாட்டை எண்ணிச் சொல்ல மாட்டார்கள். சொன்னால் கண் பட்டுவிடும். பட்டி நிறைய மாடு வைத்திருப்பவரும் நாலஞ்சு என்றுதான் சொல்வார், கேட்கிறவரும் புரிந்துகொள்வார். மைசூரில் யாருக்குப் புரியும்? அதிகாரி "ஐது" என்றார். குமாஸ்தா ஐந்து என்று எழுதப்போனார்.

"சரியான தொகையைச் சொல்லிடுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்று கவுண்டரின் காதோடு கெஞ்சினேன். கெஞ்சக் கூடாது என்று ஊர் ஊராகப் பிரசங்கம் செய்தவன்!

"எப்படிங்க தம்பி அதை வாயில சொல்றது? அப்பறம் பட்டி வெளங்குமுங்களா?"

கதவோரம் நின்ற மாராயி ஓரடி முன்னால் வந்தாள். "தொகை வேண்டாமுங்க. நான் பேரு சொல்றனுங்க." கண்ணை மூடிக்கொண்டாள். "பெருமாள் மாமனூட்டு வெள்ளச்சி. அவங்குளுதே கரிச்சி. ராமாயக்காவூட்டுக் கொம்பொடைஞ்சவ, அதோட மக..."

காலையில் எந்த மாட்டுக்குப் பின்னால் எது நடக்குமோ அந்த வரிசையிலேயே சொல்லிக்கொண்டு போனாள். குமாஸ்தா தாளைத் திருப்பித் திருப்பி எழுதினார். "எண்ணறது இனி அவுங்க பாடு" என்று கவுண்டர் முணுமுணுத்தார். பெயர் எழுதிய மாட்டுக்கெல்லாம் அனுமதி என்று அதிகாரி கையெழுத்துப் போட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

இரண்டு மணி பஸ்ஸில் திரும்பினோம். கவுண்டர் வாய் ஓயாமல் பேசினார். வழியில் டி. நரசிபுரத்தில் வண்டி நின்றபோது மாராயி என் பக்கம் குனிந்தாள்.

"தம்பி, என்ற சொந்த மாடு ரெண்டையும் சொல்லலீங்க."

"மறந்துட்டீங்களா?"

"மறப்பனுங்களா? ஊரார் மாட்டையெல்லாஞ் சொல்லீட்டனுங்க. என்றதச் சொல்ல வாய் வரலீங்க. எனக்கு அது ரெண்டுந்தானுங்களே."

கோபம் வந்தது. உடனே பயமும் வந்தது. ஊர் மாட்டையெல்லாம் அவள் ஓட்டிப்போவாள், அவள் மாடு இரண்டை மட்டும் பிடித்துக்கொண்டு போவார்கள். கண்டக்டர் விசில் ஊதுவதற்குள் அவளை இறங்கச் சொல்லிவிட்டு நானும் குதித்தேன். கவுண்டர் சீட்டோடு ஊருக்குப் போனார்.

மைசூர் வண்டி வருவதற்குள் செத்துப் பிழைத்தேன். ஆபீஸ் மூடியிருக்குமோ, அதிகாரி போயிருப்பாரோ, தனிச் சீட்டுக் கிடையாது என்பாரோ? நாங்கள் மூச்சிரைக்க நுழைந்தபோது குமாஸ்தா அலமாரியைப் பூட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னும் ரெண்டா? சீக்கிரம், பேர் சொல்லுங்கோ."

மாராயி தரையைப் பார்த்தாள். முந்தானையால் வாயைப் பொத்தினாள். பிறகு எட்டி, என் காதில் மட்டும் அந்த இரண்டு பெயரையும் சொன்னாள். நான் உரக்கச் சொன்னேன், குமாஸ்தா எழுதினார், உள்ளே போய்க் கையெழுத்தும் வாங்கி வந்தார்.

பார்த்தது கேட்டது எல்லாவற்றையும் உங்களுக்கு எழுதிவிட்டேன். அந்த இரண்டு பெயரை மட்டும் எழுதப்போவதில்லை. அவை நன்றாக இருக்கட்டும்.